எச்சம் சொன்ன செய்தி

பொழுது விடிந்து சிறிது நேரமே ஆகியிருக்கும். சிங்கப்பூரின் நடுவே உள்ள காட்டின் ஓரத்தில் ஒருவர் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். இருபது, முப்பது மீட்டர் உயரத்தில், இலைகளுக்கிடையே ஏதோ அசையும். ஒரு கிளை தாழ்ந்து மீண்டும் நிமிரும். கரிய வால் ஒன்று கணப்பொழுது தொங்கி மறையும். பிறகு மேலிருந்து ஏதோ ஒன்று இலைச்சருகின் மேல் பொத்தென்று விழும். அவர் அந்த இடத்தை நோக்கி விரைவார். கையுறை அணிந்துகொண்டு, சருகுகளை மெல்ல விலக்கி, விழுந்ததைத் தேடி எடுத்துச் சிறு குப்பியில் இடுவார்.

அவர் தேடி எடுத்தது குரங்கின் கழிவு. பிறர் முகம் சுளித்து விலகிச் செல்லும் பொருள்தான். ஆனால், அழிந்துவிடும் நிலையிலிருந்த ஒரு குரங்கினத்தைப் பற்றி நமக்கு இன்று தெரிந்தவற்றுள் பெரும்பகுதி அதிலிருந்துதான் கிடைத்தது.

அந்தக் குரங்கின் பெயர் ராஃபிள்ஸ் பட்டை லங்கூர். சிங்கப்பூரில் மனிதரைத் தவிர மூன்று வகை உயர் பாலூட்டிகள் இயற்கையாக வாழ்கின்றன. அவற்றுள் நீண்டவால் மக்காக் குரங்கை அறியாதவர் இருக்க முடியாது. பூங்காக்களிலும் நீர்த்தேக்கங்களின் ஓரங்களிலும் கூட்டமாக உலாவி, கையிலுள்ள ரொட்டிப் பையைப் பறித்துச் செல்வது அதுதான். இரண்டாவது, இரவில் நடமாடும் தேவாங்கு. மூன்றாவது, இந்த லங்கூர். மக்காக் குரங்கைப் போல இது மனிதரிடம் வருவதில்லை. தரைக்கு இறங்குவதும் அரிது. மர உச்சியிலேயே பிறந்து, உண்டு, உறங்கி, வாழ்ந்து முடிப்பதால் சிங்கப்பூரில் பல ஆண்டுகள் வசிப்பவர்களில் பலரும் இதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

லங்கூர் வகைக் குரங்குகளை மலாயில் லோத்தோங் என்பார்கள். தமிழில் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு. குரங்கு, முசு, ஊகம் என்று வெவ்வேறு வகைகளைத் தனித்தனிப் பெயரிட்டு அழைத்தனர் நம் முன்னோர். இவற்றுள் முசு என்பது லங்கூர் வகையைக் குறிக்கும் என்பர். ஆண் குரங்குக்குக் கடுவன், பெண் குரங்குக்கு மந்தி, குட்டிக்குப் பறழ் என்றும் பெயர்கள் இருந்தன. இன்று நாம் எல்லாவற்றையும் 'குரங்கு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வேறுபாட்டைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதால் என்ன நேரும் என்பதற்கு இந்த லங்கூரின் கதையே சான்று. அதைப் பிறகு பார்ப்போம்.

வளர்ந்த லங்கூரின் உடல் கருமையாக இருக்கும். கண்களைச் சுற்றி வெள்ளை வளையம் உண்டு. தொடையின் உட்புறத்தில் வெள்ளைப் பட்டை ஓடும். அதனால்தான் அது 'பட்டை' லங்கூர். எடை சுமார் 6 அல்லது 7 கிலோகிராம். வால் உடலைவிட நீளமானது. குட்டியோ தாயைப் போலவே இருக்காது. பிறக்கும்போது அது வெண்மையாக இருக்கும். தலையிலிருந்து வால்வரை முதுகில் ஒரு கறுப்புக் கோடும், தோள்களின் குறுக்கே இன்னொரு கோடும் சென்று சிலுவை வடிவில் தெரியும். கரிய தாயின் மார்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறக் குட்டி தொலைவிலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரியும். குட்டி பிறந்திருப்பதை ஆய்வாளர்கள் அறிந்துகொள்ள அந்த நிறமே உதவுகிறது.

லங்கூரின் உணவு இலையும் காயும் விதையும். இலை எளிதில் செரிக்காது. அதற்காக மாட்டின் வயிற்றைப் போல இதன் வயிறும் பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது. அந்த அறைகளில் வாழும் நுண்ணுயிரிகள் இலையை நொதிக்கச் செய்து, அதிலுள்ள நார்ச்சத்தை உடைத்துத் தருகின்றன. இனிப்பான உணவு மிகுதியாகச் சென்றால் வயிற்றில் அமிலம் பெருகி விலங்குக்கே ஆபத்தாகிவிடும். எனவே, அன்பின் மிகுதியால் ஒருவர் நீட்டும் வாழைப்பழமோ பிஸ்கட்டோ இதற்கு விருந்தாகாது. கூண்டில் வைத்து வளர்ப்பதும் மிகக் கடினம். இந்த லங்கூரைக் காப்பாற்ற வேண்டுமானால் காட்டில்தான் காப்பாற்ற வேண்டும்.

அந்தக் காடுதான் சிங்கப்பூரில் மிகக் குறைவு. 1819ஆம் ஆண்டில் சர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் வந்திறங்கியபோது தீவின் பெரும்பகுதி காடாக இருந்தது. பிறகு மிளகுத் தோட்டங்களும் காம்பியர் தோட்டங்களும் வந்தன. அவற்றைத் தொடர்ந்து ரப்பர் வந்தது. அதன்பின் வீடுகள், தொழிற்சாலைகள், சாலைகள். தொடக்கத்தில் இருந்த இயற்கைக் காட்டில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. எஞ்சியவற்றுள் பெரியது, நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்திருக்கும் மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதி. தீவுக்குக் குடிநீர் தேவைப்பட்டது. அதற்காக அந்தக் காடு விட்டுவைக்கப்பட்டது. குரங்குக்காக யாரும் அதை விட்டுவைக்கவில்லை. எனினும் குரங்கு பிழைத்திருப்பது அதனால்தான்.

இந்த இனத்தை அறிவியல் உலகத்துக்கு முதன்முதலில் அறிமுகப்படுத்தியது சிங்கப்பூரில் கிடைத்த ஒரு மாதிரிதான். 1838ஆம் ஆண்டு அதற்கு ஃபெமோராலிஸ் என்ற பெயர் இடப்பட்டது. அச்சொல் தொடையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அக்காலத்தில் இந்த லங்கூர் தீவின் பல பகுதிகளில் காணப்பட்டது. காடு குறையக் குறைய அதுவும் குறைந்தது. புக்கிட் தீமா காட்டில் எஞ்சியிருந்த கடைசி லங்கூரை 1987ஆம் ஆண்டு நாய்கள் கடித்துக் கொன்றன. அதன்பின் மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதியில் மட்டும் பத்துப் பதினைந்து லங்கூர்கள் மிஞ்சியிருக்கலாம் என்று கருதப்பட்டது. இனி அதிகக் காலம் தாங்காது என்றே பலரும் எண்ணியிருக்க வேண்டும்.

இந்த நிலையில்தான், 2008ஆம் ஆண்டு வாக்கில், ஆன்டி ஆங் என்ற இளம் ஆய்வாளர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தம் முதுநிலை ஆய்வுக்கு இந்தக் குரங்கைத் தேர்ந்தெடுத்தார். குரங்கின்மீது அவருக்கிருந்த ஈடுபாட்டுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அவர் சிறுமியாக இருந்தபோது, குடும்ப நண்பர் ஒருவர் ஆப்பிரிக்கக் குரங்குக் குட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். வீட்டில் செல்லமாக வளர்ந்த அந்தக் குரங்கு பெரிதாகப் பெரிதாக, காட்டு விலங்கின் இடம் வீடு அன்று என்பது அக்குடும்பத்துக்குப் புரிந்தது. இறுதியில் அது ஆப்பிரிக்காவிலுள்ள சரணாலயம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. அன்பு மட்டும் போதாது, அந்த உயிருக்கு உண்மையில் என்ன தேவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்ற பாடத்தை அவர் பள்ளி வயதிலேயே கற்றுக்கொண்டார்.

ஆய்வின் தொடக்கத்தில் அவர் செய்த வேலை மிக எளியது. மிகக் கடினமானதும் அதுவே. காட்டுக்குள் நடந்து, லங்கூர்களைத் தேடி, எண்ணுவது. கேட்பதற்கு இலகுவாகத் தோன்றும். ஆனால், லங்கூர் கூச்சமுள்ள விலங்கு. மனிதரைக் கண்டதும் கடகடவென்று ஓர் எச்சரிக்கை ஒலி எழுப்பிவிட்டு மரத்துக்கு மரம் தாவி மறைந்துவிடும். கீழே நடப்பவரோ முட்செடிகளையும் சேற்றையும் கடந்து பின்தொடர வேண்டும். பல நாள்கள் ஒன்றையும் பார்க்காமலே திரும்ப நேரும். ஒரே கூட்டத்தை இருமுறை எண்ணிவிடாமல் இருக்க, ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை பெரியவை, எத்தனை குட்டிகள், எந்தப் பகுதியில் நடமாடுகின்றன என்பதையெல்லாம் குறித்துவைக்க வேண்டும். பொதுவாக ஒரு கூட்டத்தில் ஒரு கடுவன், சில மந்திகள், அவற்றின் குட்டிகள் இருக்கும்.

எண்ணி முடித்தபோது கிடைத்த விடை எதிர்பாராதது. காட்டில் குறைந்தது 40 லங்கூர்கள் இருந்தன. குட்டிகளும் பிறந்துகொண்டிருந்தன. அழிந்துகொண்டிருப்பதாகக் கருதப்பட்ட இனம், யாரும் கவனிக்காமலேயே மெல்ல மீண்டுகொண்டிருந்தது.

ஆனால், எண்ணிக்கை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் இனத்தைக் காப்பாற்ற முடியாது. அவை எந்தெந்த மரங்களை நம்பி வாழ்கின்றன? அவற்றுக்கு நோய் உண்டா? அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கிய உறவு? இவற்றுக்கு விடை காண வழக்கமாக விலங்கைப் பிடித்து இரத்தம் எடுப்பார்கள். முப்பது மீட்டர் உயரத்தில் வாழும், நாற்பதே எஞ்சியுள்ள குரங்கை மயக்க ஊசி போட்டு வீழ்த்த எந்த ஆய்வாளருக்கும் மனம் வராது. விழும் வேகத்தில் ஒன்று இறந்தாலும் அது பேரிழப்பு. ஆகவே, முனைவர் ஆங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் குரங்கைத் தொடாமலே அதை அறியும் வழியை நாடினர்.

உண்ட உணவு குடலின் வழியே செல்லும்போது, குடற்சுவரிலுள்ள உயிரணுக்கள் சில உதிர்ந்து அதனுடன் கலந்து வெளியேறும். அந்த உயிரணுக்களில் குரங்கின் மரபணு இருக்கிறது. அத்துடன், அது தின்ற இலைகளின் மரபணுவும், குடலில் வாழும் நுண்ணுயிரிகளின் மரபணுவும், புழுக்கள் இருந்தால் அவற்றின் மரபணுவும் அதே கழிவில் கலந்திருக்கும். ஒரு கைப்பிடிக்கும் குறைவான கழிவு, அந்தக் குரங்கு யார், என்ன சாப்பிட்டது, உடல்நலம் எப்படி என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வைத்திருக்கிறது. தமிழில் எச்சம் என்ற சொல்லுக்குக் கழிவு என்றும் பொருள் உண்டு. ஒருவர் விட்டுச் செல்லும் அடையாளம் என்றும் பொருள் உண்டு. இந்த ஆய்வுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

விடை இருப்பது வேறு, அதைப் படிப்பது வேறு. மழைக்காட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் மரபணு விரைவில் சிதைந்துவிடும். ஒரு மழை பெய்தால் கழிவே கரைந்து போய்விடும். வண்டுகளும் எறும்புகளும் வேறு போட்டிக்கு வரும். எனவே, விழுந்தவுடன் எடுத்து, ஆல்கஹாலில் இட்டு, ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே கழிவிலுள்ள மரபணுக்கள் அனைத்தும் ஒன்றாகப் பிரித்தெடுக்கப்படும். பல உயிர்களுடைய மரபணுக்கள், அதுவும் துண்டு துண்டாக! ஒரு நூலகத்திலுள்ள புத்தகங்களை எல்லாம் வரிவரியாகக் கிழித்து ஒரே மூட்டையில் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி. இயந்திரம் இலட்சக்கணக்கான துண்டுகளைப் படிக்கும். எந்த வரி எந்தப் புத்தகத்தைச் சேர்ந்தது என்பதைக் கணினி ஒப்பிட்டுக் கண்டறியும். கழிவிலிருந்து இவ்வாறு உணவையும் ஒட்டுண்ணிகளையும் மரபையும் ஒருசேர அறியும் முறையை உருவாக்குவதில் அம்ரிதா ஸ்ரீவத்சன், பேராசிரியர் ருடால்ஃப் மையர் ஆகியோரின் பங்கு பெரியது. காட்டில் நடந்தவரின் உழைப்பும் கணினிமுன் அமர்ந்தவரின் உழைப்பும் இங்கே ஒன்று சேர்ந்தன.

கழிவு சொன்ன முதல் செய்தி உணவைப் பற்றியது. லங்கூர் ஏதோ ஒரு மரத்தை மட்டும் நம்பி வாழவில்லை. பல வகை மரங்களின் தளிர்களையும் காய்களையும் விதைகளையும் பருவத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றி உண்கிறது. பழங்காட்டு மரங்கள் மட்டுமல்லாமல், கைவிடப்பட்ட தோட்டங்களில் வளர்ந்து நிற்கும் ரப்பர் மரத்தின் விதையும் அதற்கு உணவாகிறது. நம் பாட்டன் பூட்டன்மார் பால்வெட்டிய மரம், இன்று ஒரு காட்டு விலங்கின் பசியைத் தீர்க்கிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. எந்த மரங்கள் உணவு என்று தெரிந்துவிட்டதால், காட்டை ஒட்டிய இடங்களில் எந்தக் கன்றுகளை நடலாம் என்பதும் தெரிந்துவிட்டது.

இரண்டாவது செய்தி அவ்வளவு மகிழ்ச்சியானதன்று. சிங்கப்பூரிலுள்ள லங்கூர்களின் மரபணுக்கள் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்திருந்தன. இதில் வியப்பில்லை. ஒரு காலத்தில் பத்துப் பதினைந்தாகக் குறைந்து, அவற்றிலிருந்தே இன்றைய லங்கூர்கள் அனைத்தும் பிறந்திருக்கின்றன. அக்காள் தங்கை, சிற்றப்பன் பெரியப்பன் பிள்ளைகள் மட்டுமே வாழும் சிற்றூரைப் போன்றது அந்தக் கூட்டம். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் தொடர்ந்தால் குறைபாடுள்ள குட்டிகள் பிறக்கலாம். புதிய நோய் ஒன்று வந்தால், அதை எதிர்க்கும் ஆற்றல் ஒன்றிடம்கூட இல்லாமல் போகலாம். எண்ணிக்கை கூடுவதைக் கண்டு மகிழ்ந்திருக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத இந்த ஆபத்து உள்ளே இருக்கிறது.

மூன்றாவது செய்திதான் உலகின் கவனத்தை ஈர்த்தது. நீண்டகாலமாகப் பட்டை லங்கூர் என்பது ஒரே இனம் என்று கருதப்பட்டது. தாய்லாந்திலும் மலேசியத் தீபகற்பத்தின் வடபகுதியிலும் வாழ்வது ஒரு வகை, சுமத்ராவின் கிழக்கே வாழ்வது ஒரு வகை, தீபகற்பத்தின் தென்பகுதியிலும் சிங்கப்பூரிலும் வாழ்வது ஒரு வகை. மூன்றும் ஒரே இனத்தின் உட்பிரிவுகள் என்றே புத்தகங்களில் எழுதப்பட்டிருந்தது. பார்ப்பதற்கும் அவை ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தன.

முனைவர் ஆங் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியபின், சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்களுடன் சேர்ந்து இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். வெவ்வேறு இடங்களில் சேகரித்த கழிவுகளிலிருந்து, இழைமணி எனப்படும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவை முழுமையாகப் படித்தனர். இது தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வருவது. ஒவ்வோர் உயிரணுவிலும் இதன் படிகள் ஏராளமாக இருப்பதால், சிதைந்த கழிவிலிருந்தும் இதைப் பெற்றுவிடலாம். தாய்வழியைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்றால் எந்தக் குடும்பம் எப்போது பிரிந்தது என்று கணக்கிடலாம்.

2020ஆம் ஆண்டு அந்த ஆய்வின் முடிவு வெளியானது. மூன்றும் உட்பிரிவுகள் அல்ல, மூன்று தனி இனங்கள்! அவை பிரிந்து இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. பூமியில் நம் மனித இனம் தோன்றுவதற்கு மிக முன்பே அவை தனித்தனி வழியில் சென்றுவிட்டன. 1838இல் சிங்கப்பூரில் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இனம் ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் எனத் தனிப்பெயர் பெற்றது.

பெயர் மாறினால் குரங்குக்கு என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். குரங்குக்கு அது தெரியப்போவதில்லைதான். ஆனால், உலகிலுள்ள உயிரினங்களின் நிலையைப் பட்டியலிடுவோர் இனத்தின் பெயரை வைத்தே கணக்கிடுகின்றனர். மூன்றையும் ஒன்றாக எண்ணியவரை, மூன்று நாடுகளைத் தாண்டிப் பரந்து வாழும் ஒரு விலங்காக அது தோன்றியது. ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடத்தில் இருக்கிறதே என்ற எண்ணம் இருந்தது. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் உலகிலேயே சிங்கப்பூரிலும், மலேசியாவில் ஜோகூரையும் அதை ஒட்டிய பகாங்கின் தென்பகுதியையும் சார்ந்த காடுகளிலும் மட்டுமே வாழ்கிறது. மொத்தம் சுமார் 300 முதல் 400 வரைதான் இருக்கும் என்பது மதிப்பீடு. ஒரு பள்ளி மண்டபத்தில் நிற்கக்கூடிய எண்ணிக்கை அது. இப்போது அது மிகக் கடுமையான அழிவு ஆபத்தில் உள்ள இனங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டுள்ளது. ஒரே பெயருக்குள் மறைந்திருந்தவரை, அது அழிந்தாலும் பட்டியலில் பெரிய மாற்றம் தெரிந்திருக்காது.

இதனால் ஜோகூரின் காடுகள் மிகவும் முக்கியமாகின்றன. எஞ்சியுள்ள லங்கூர்களில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன. ஆனால், அந்தக் காடுகள் செம்பனைத் தோட்டங்களாலும் சாலைகளாலும் துண்டாடப்பட்டுள்ளன. ஒரு துண்டில் ஒரு கூட்டம், இன்னொரு துண்டில் இன்னொரு கூட்டம். நடுவே செம்பனை வரிசைகள். மரஉச்சியை விட்டு இறங்க விரும்பாத விலங்குக்குச் செம்பனைத் தோட்டம் கடலைப் போன்றது. மலேசிய ஆய்வாளர்கள் அங்கே கூட்டங்களைத் தேடிக் கணக்கெடுத்து வருகின்றனர்.

சிங்கப்பூரில் அந்தக் கடலின் வேலையைச் சாலைகள் செய்கின்றன. 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புக்கிட் தீமா விரைவுச்சாலை, புக்கிட் தீமா காட்டையும் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டையும் இரண்டாகப் பிரித்தது. 2013இல் அந்த விரைவுச்சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் மரஞ்செடிகள் நடப்பட்ட ஒரு பாலம் கட்டி முடிக்கப்பட்டது. எறும்புண்ணியும் மரநாயும் அதைப் பயன்படுத்துகின்றன. அதில் நட்ட கன்றுகள் வளர்ந்து, கிளையோடு கிளை தொடும்போதுதான் மரஉச்சியில் வாழும் விலங்குக்கு அது வழியாகும்.

லங்கூருக்கு உடனடித் தேவை வேறோரிடத்தில் இருந்தது. காட்டின் கிழக்கு ஓரத்தில் பழைய அப்பர் தாம்சன் சாலை செல்கிறது. 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயங்கள் நடந்த தடத்தின் ஒரு பகுதி அது. சாலைக்கு அப்பால், முன்பு ஹைனான் கிராமம் இருந்த இடத்தில் மீண்டும் மரங்கள் அடர்ந்துவிட்டன. அங்கே உணவு உண்டு என்பதை லங்கூர்கள் கண்டுகொண்டு சாலையைக் கடந்து சென்றுவந்தன. கிளைகள் தொட்டுக்கொண்ட இடங்களில் தாவிச் சென்றன. தொடாத இடங்களில் இறங்க வேண்டியிருந்தது. அப்பகுதியின் சாலைகளில் லங்கூர்கள் வாகனங்களில் அடிபட்டு இறந்ததும் உண்டு. எழுபதில் ஒன்று இறப்பது எத்தகைய இழப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தேசியப் பூங்காக் கழகம் அந்தக் கிராமத்து நிலத்தை 2019ஆம் ஆண்டு தாம்சன் இயற்கைப் பூங்காவாகத் திறந்தது. லங்கூர் உண்ணும் மரங்கள் அங்கே நடப்பட்டன. சாலையின் குறுக்கே இரு பக்க மரங்களையும் இணைத்துக் கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டன. அவை பெரிய கட்டுமானங்கள் அல்ல. கீழே காரில் செல்பவர் அண்ணாந்து பார்த்தால் ஏணியைக் கிடத்திக் கட்டியதுபோல் தோன்றும். அதே 2019இல் பினாங்கின் தெலுக் பஹாங்கில், இன்னொரு லங்கூர் இனத்துக்காக, பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டே ஒரு பாலம் அமைத்தனர் மலேசிய ஆய்வாளர்கள். எங்கே பாலம் கட்டுவது என்பதுதான் இதில் கடினமான கேள்வி. லங்கூர்கள் வழக்கமாக எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்குத் தாவுகின்றன என்பதைப் பல மாதங்கள் பார்த்துக் குறித்தவர்களால்தான் அதற்கு விடை சொல்ல முடியும். தவறான இடத்தில் கட்டிய பாலம் வெறும் கயிறாகவே தொங்கும்.

அப்படிப் பார்த்துக் குறிப்பவர்கள் எல்லாரும் அறிவியலாளர்கள் அல்லர். 2016ஆம் ஆண்டு முனைவர் ஆங்கின் முயற்சியால் இந்த லங்கூருக்கென ஒரு பணிக்குழு அமைந்தது. அரசாங்க அமைப்புகளும் பல்கலைக்கழகமும் ஆர்வலர் குழுக்களும் அதில் சேர்ந்தன. பொதுமக்களும் தொண்டூழியர்களாகச் சேர்ந்து பயிற்சி பெற்றனர். அவர்களில் மாணவர்கள் உண்டு, அலுவலகம் செல்வோர் உண்டு, ஓய்வுபெற்றோரும் உண்டு. குறிப்பிட்ட பாதையில் நடந்து, லங்கூரைக் கண்டால் நேரம், இடம், எண்ணிக்கை, என்ன தின்றது என்பதையெல்லாம் எழுதுவர். காணாவிட்டால் 'காணவில்லை' என்று எழுதுவர். அந்த 'காணவில்லை'யும் ஆய்வுக்குத் தேவை என்பதைப் புதியவர்கள் புரிந்துகொள்ளச் சிறிது காலம் பிடிக்கும்.

அவர்கள் சேர்த்த குறிப்புகளிலிருந்தே, சிங்கப்பூரின் லங்கூர் எண்ணிக்கை அண்மைய ஆண்டுகளில் 70ஐத் தாண்டியிருப்பது தெரியவந்தது.

மரபணு ஒற்றுமை என்ற சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. புதிய குருதி வர வேண்டுமானால் அது ஜோகூரிலிருந்துதான் வர முடியும். ஜோகூர் நீரிணை பல இடங்களில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலம்தான். ஆனால், லங்கூருக்கு அதைக் கடக்கும் வழியில்லை. ஒரு கூட்டத்தைச் சேர்ந்த சிலவற்றை இக்கரைக்குக் கொண்டுவரலாமா என்ற யோசனை ஆய்வாளரிடையே உண்டு. பிடிக்கும்போது ஒன்று இறந்துவிட்டால்? புதிய காட்டின் இலைகள் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால்? ஏற்கெனவே இருக்கும் கூட்டம் அதைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால்? அங்கிருந்து எடுப்பதால் அங்குள்ள சிறு கூட்டம் நலிந்துவிட்டால்? இரு நாடுகளும் உடன்பட்டாக வேண்டும் என்பதும் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பதிலும் ஆபத்து உண்டு. அவசரப்பட்டுச் செய்வதிலும் ஆபத்து உண்டு.

இதற்கு விடை காண, நீரிணையின் இரு கரையிலும் உள்ள ஒவ்வொரு கூட்டத்தின் மரபையும் முதலில் அறிய வேண்டும். அதனால் இன்றும் காலை வேளைகளில் கையுறையும் குப்பியுமாகச் சிலர் காட்டுக்குள் செல்கின்றனர். மேலே கிளை அசைகிறதா என்று பார்த்தபடி காத்திருக்கின்றனர்.